பின்சுவர் தெரியாத படம்

என் கால் உடைந்ததாகத்தான் பெங்களூர் காக்ஸ் டவுனில் இன்றைக்கும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கால் உடையவில்லை. தொடை எலும்பின் மேல்முனை உருண்டையாக இருக்கும். அது போய்ப் பொருந்துகிற கிண்ணம் ஒன்று இடுப்பெலும்பில் இருக்கிறது. அந்தக் கிண்ணம்தான் உடைந்தது. அதைவிடப் பெரிய சங்கடம் என்னவென்றால், அது எவ்வளவு உடைந்திருக்கிறது என்று தெரியாமலே நாங்கள் ஆண்டவருக்கு நன்றி சொல்லி முடித்துவிட்டோம். அதிலிருந்து அவர் என்னை எப்படி வெளியே கொண்டுவந்தார் என்பதைத்தான் சபையாருக்கு எழுதுகிறேன். மேடையில் பேசச் சொன்னால் பாதியிலேயே இறங்கிவிடுவேன். ஓர் இடத்தில் நிற்கிற ஆள் நான் இல்லை.

என் பெயர் ஜெயக்குமார். அப்போது ஜே.சி. ரோட்டில் ஒரு ஸ்கூட்டர் உதிரிபாகக் கடைக்கு ஆர்டர் பிடிக்கும் வேலை. காலையில் அல்சூரில் ஒரு மெக்கானிக் கடை, அடுத்து தொம்மலூர், அங்கிருந்து கே.ஆர்.புரம் என்று வண்டியிலேயே பொழுது போகும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று என் மனைவி சுகந்தி சொல்வாள். ஆராதனையில்கூட பிரசங்கம் நீண்டால் வெளியே போய் வண்டிக்குக் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். சிரிக்காதீர்கள், உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள்.

1998. மழைக்காலம். ஆனேக்கல்லில் நம் சபைக் குடும்பம் ஒன்றின் புது வீட்டுப் பிரதிஷ்டைக்குப் போய்விட்டு வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் முன் சீட்டில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஓசூர் ரோட்டில் சாயங்கால மழை. விளக்குப் போடாமல் நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் எங்கள் வேன் போய் மோதியது. மற்ற எல்லோருக்கும் சிராய்ப்புதான். என் முழங்கால் முன்னால் இருந்த பலகையில் இடித்தது. முழங்காலில் ஒரு கீறல் மட்டுமே இருந்தது. ஆனால் கால் ஒரு பக்கமாகத் திரும்பி, மற்ற காலைவிடக் குட்டையாகக் கிடந்தது. அது என் கால் மாதிரியே இல்லை. நான் போட்ட கூச்சலில் லாரி டிரைவரே பயந்து ஓடிவிட்டான்.

ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். மயக்க மருந்து கொடுத்து, கிண்ணத்தை விட்டு வெளியே வந்திருந்த உருண்டையை இழுத்து உள்ளே உட்கார வைத்தார்கள். காலில் எடை கட்டிக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டார்கள். மறுநாள் நேராகப் படுக்க வைத்து ஓர் எக்ஸ்ரே எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டர் படத்தை ஜன்னலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“உருண்டை, அந்த பால், உள்ள உக்காந்துடுச்சு. ஓரத்துல சின்ன கிராக்தான் தெரியுது. ஆறு வாரம் இப்படியே படுத்தா போதும். ஆபரேஷன் வேணாம்” என்றார்.

ஆபரேஷன் வேண்டாம்! சுகந்தி அங்கேயே கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாள். ஏனென்றால் அவள் கேட்டிருந்த ஜெபமே அதுதான். நம் சபை வாசலில் ஜெபக் குறிப்புப் பலகை இருக்கிறதே, அதில் நான் அடிபட்ட அன்றே சாக்பீஸால் எழுதிவிட்டாள்: ‘சகோ. ஜெயக்குமார், இடுப்பு எலும்பு, கத்தி படாமல் சுகம்.’ நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கேட்டது கிடைத்தால், எழுதினவரே தன் கையால் அதை அழிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். சுகந்தி அழித்தாள். சாட்சியும் சொன்னாள். ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள். பாதிப் பெண்கள் அழுதார்களாம். ஆராதனை முடிந்ததும் கூட்டமாக வந்து என் கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். நர்ஸ் வந்து விரட்டும்வரை பாடினார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் முதல் முறையாக அந்தச் சத்தம் கேட்டது.

தலைக்கு மேல் ஒரு பிடி தொங்கும். பெட்பேன் வைக்கும்போது அதைப் பிடித்து இடுப்பைத் தூக்க வேண்டும். தூக்கினேன். உள்ளே ‘கரக்’ என்றது. வெளியில் யாருக்கும் கேட்டிருக்காது. எனக்கு எலும்பு வழியாகக் கேட்டது. ஸ்கூட்டர் ஹேண்டில்பார் அடியில் பேரிங் கப் இருக்கும். அதற்குள் ஒரு மணல் துணுக்கு விழுந்துவிட்டால் திருப்பும்போது கையில் அப்படித்தான் கரகரக்கும். இருபது வருஷம் அந்த சாமான் விற்றவனுக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதா? துணுக்கை எடுக்காமல் ஓட்டினால் கொஞ்ச நாளில் கப்பும் போகும், பாலும் போகும்.

ஆனால் யாரிடம் சொல்வது? சாட்சி சொல்லியாயிற்று. வலிக்கிறது என்று வாயைத் திறந்தால், “கர்த்தர் செஞ்சதை சந்தேகப்படாதீங்க பிரதர்” என்பார்கள். ஒரு சகோதரி உண்மையிலேயே அப்படிச் சொன்னார், நான் முகத்தைச் சுளித்ததற்கே. இன்னொரு கஷ்டமும் இருந்தது. பலகையில் என் பெயர் இல்லை. எனக்காக யாரும் இப்போது கேட்கவில்லை. சபை அடுத்த குறிப்புக்குப் போய்விட்டது. யாரோ ஒருவருடைய மகனின் விசாவுக்காக எல்லோரும் உபவாசம் இருந்துகொண்டிருந்தார்கள். முடிந்துபோன கேஸ் ஆகிவிட்டேன் நான்.

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அசையவே தெரியாதபடி அடங்கிக் கிடக்கிற ஆளாக இருந்தால் பரவாயில்லை. நான் கட்டிலில் புரளவும் முடியாமல், பேசவும் முடியாமல் கிடந்தேன். நல்ல காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர், “சார், கட்டில் குலுங்குது” என்று கெஞ்சினார். மின்விசிறியின் சுற்றை எண்ணுவேன். ஜன்னல் வழியாகப் போகிற வண்டிகளைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பேன். அப்புறம் மறுபடியும் அந்தச் சத்தத்தைத் தேடி இடுப்பைக் கொஞ்சம் அசைத்துப் பார்ப்பேன். கரக். இருக்கிறது. போகவில்லை.

வாரத்துக்கு ஒருமுறை அந்த நர்சிங் ஹோமுக்கு ஒரு பெரிய டாக்டர் வருவார். எலும்பு ஆபரேஷனில் பேர் போனவர், கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். அவர் வேறு யாரையோ பார்க்க வந்தவர், போகிற போக்கில் என் கட்டிலில் மாட்டியிருந்த படத்தை உருவி வெளிச்சத்தில் வைத்தார். போகவில்லை. நின்றுவிட்டார்.

“ஒரே படமா? சாய்ச்சு எடுக்கலையா?”

வலியால் என்னைச் சாய்க்க முடியவில்லை என்று நர்ஸ் சொன்னாள்.

அவர் என் பக்கம் வந்தார். “நோடி, இங்க பாருங்க, ஒரு வீட்டை வாசல்ல நின்னு ஃபோட்டோ புடிச்சா பின்சுவர் நிக்குதா விழுந்துடுச்சான்னு தெரியுமா? இது வாசல்ல நின்னு புடிச்ச ஃபோட்டோ.” பேனா மூடியால் படத்தில் கோடு கோடாகத் தடவிக் காட்டினார். கிண்ணத்தின் முன் ஓரம் ஒரு கோடு, பின் ஓரம் ஒரு கோடு, கூரை ஒரு கோடு. எல்லாம் ஒழுங்காக ஓடின. பின் ஓரக் கோடு மட்டும் நடுவில் காணாமல் போயிருந்தது. பிறகு நல்ல பக்கத்து இடுப்பையும் உடைந்த பக்கத்து இடுப்பையும் மாறி மாறிக் காட்டினார். “இந்தப் பக்கம் பாலுக்கும் கிண்ணத்துக்கும் நடுவுல இடம் ஒரு நூல் ஜாஸ்தி இருக்கு. ஏன் ஜாஸ்தி? உள்ள ஏதோ சிக்கியிருக்கலாம்.”

மணல் துணுக்கு!

இந்தக் கிண்ணம் உடைவதில் பல வகை இருக்கிறதாம். முன்சுவர் உடைவது, பின்சுவர் உடைவது, தூண் மாதிரி இருக்கிற பகுதி பிளப்பது, குறுக்கே விரிசல் விடுவது, இவை ஒன்றோடொன்று கலந்து வருவது. எந்த வகை என்று தெரிந்தால்தான் எந்தப் பக்கத்திலிருந்து திறப்பது என்று முடிவு செய்ய முடியும். “பேர் வைக்காம கத்தி வைக்கக் கூடாது” என்றார். வலப்பக்கம் சாய்த்து ஒன்று, இடப்பக்கம் சாய்த்து ஒன்று, அப்புறம் ஒரு சி.டி. ஸ்கேன் வேண்டும். “சீக்கிரம் செய்யணும். மூணு வாரம் தாண்டினா எலும்பு கோணலாவே ஒட்ட ஆரம்பிச்சுடும். அப்புறம் நான் வந்தாலும் கஷ்டம். நொண்டிதான் நடப்பீங்க. வண்டியெல்லாம் மறந்துடுங்க.”

வண்டியை மறப்பதா? என் பிழைப்பே அதுதான். இதையெல்லாம் கேட்ட பிறகு, நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“வேணாம் டாக்டர்” என்றேன்.

சுகந்தி கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. அதைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னேன். டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, “ரெண்டு நாள் டைம் தரேன், யோசனை பண்ணுங்க” என்று போய்விட்டார்.

அவர் போனதும் சுகந்தி சொன்னாள்: “நான் சபையில நின்னு சொல்லிட்டேனேங்க. இப்ப இன்னொரு படம் எடுத்தா என்ன அர்த்தம்? நாமே நம்பலைன்னு ஆயிடாதா? ஆண்டவரைப் பொய்யராக்கினது மாதிரி ஆயிடாதா?”

அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் பெருமைக்காகச் சொன்னவள் இல்லை. நர்சரிப் பள்ளியில் குழந்தைகளுக்குப் பாடம் எடுப்பவள், நாலு பேர் முன்னால் பேசவே கூசுவாள். எனக்காக அந்தக் கூச்சத்தை விட்டு எழுந்து நின்றவள். அதை எப்படி நான் உடைப்பேன்?

அவள் வீட்டுக்குப் போன பிறகு ஜெபித்தேன். நீண்ட ஜெபம் எனக்கு வராது. நெஞ்சில் இருந்ததை அப்படியே சொன்னேன். ‘ஆண்டவரே, உள்ளே என்னவோ இருக்குன்னு எனக்குத் தெரியும். எனக்குக் காட்டினது போதும். அவளுக்குக் காட்டும். நான் சொன்னா நம்பிக்கையில்லாதவன்னு ஆயிடும். நீரே சொல்லிடும். நல்லதோ கெட்டதோ, அவளுக்குத் தெரியணும்.’ அவ்வளவுதான். ஆமென் சொன்னேனா என்றுகூட ஞாபகம் இல்லை. சொல்லி முடித்ததும் அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் சுகந்தி வந்தாள். படுக்கைப் புண் வராமல் இருக்க முதுகைத் துடைத்துப் பவுடர் போடுவது தினமும் நர்ஸ் செய்கிற வேலை. அன்றைக்கு ஆள் குறைவு. “நானே போடறேன், பிடியைப் புடிச்சுத் தூக்குங்க” என்று தன் இடது கையை என் இடுப்புக்கு அடியில் கொடுத்தாள். தூக்கினேன்.

கரக்.

அவள் கை அங்கேயே நின்றுவிட்டது.

“என்னங்க அது?”

நான் மெதுவாக இடுப்பை இறக்கினேன்.

“இன்னொரு தரம் தூக்குங்க.” தூக்கினேன். அவள் உள்ளங்கைக்குள்ளேயே அது மறுபடியும் கரகரத்தது. பவுடர் டப்பாவைக் கீழே வைத்தாள். “எத்தனை நாளா இருக்கு இது?”

“நீ சாட்சி சொன்ன அன்னியிலேர்ந்து.”

“ஏன் சொல்லலை?”

“நீ சாட்சி சொல்லிட்டியே.”

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னைத் திட்டினாள். “அறிவிருக்கா உங்களுக்கு? எனக்கு வார்த்தை முக்கியமா, நீங்க முக்கியமா?” என்று அந்த வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் அவள் என்னிடம் குரல் உயர்த்தினது அன்றைக்குத்தான். எனக்கு அது எவ்வளவு இனிமையாக இருந்தது என்று சொல்ல வார்த்தை இல்லை. கேட்டேன், ஒரு ராத்திரியில் பதில் வந்துவிட்டது!

அன்று வெள்ளிக்கிழமை, உபவாசக் கூட்டம். சுகந்தி நேராகச் சபைக்குப் போனாள். அங்கே நடந்ததை எனக்குப் பின்னால் பலர் சொன்னார்கள். யாரிடமும் கேட்காமல் பலகைக்குப் போய், அழித்த இடத்திலேயே என் பெயரை மறுபடியும் எழுதினாளாம். எழுதிவிட்டுத் திரும்பி நின்று சொன்னாளாம்: “முழுசும் தெரியாம நன்றி சொன்னேன். அந்த நன்றியைத் திருப்பி வாங்கலை. அவரு உயிரோட இருக்காரு, அதுக்கே ஆயிரம் நன்றி. ஆனா எலும்பு நாங்க நினைச்சதைவிட மோசமா உடைஞ்சிருக்கு. திரும்பவும் ஜெபம் வேணும்.”

யாரோ முணுமுணுத்தார்களாம். போதகர் எழுந்து, “என்ன எழுதணும் சொல்லும்மா, எப்படிக் கேக்கணும்?” என்று மட்டும் கேட்டாராம். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “படம் எடுக்கும்போது அவர் அசையாம படுக்கணும்னு கேளுங்க” என்றாளாம்.

கூட்டத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஜெயக்குமார் அசையாமல் படுப்பதா? மரித்தவர் எழுந்தாலும் எழலாம், இது நடக்காது என்று ஒருவர் சொன்னாராம். ஆனால் சங்கிலி ஜெபம் தொடங்கிவிட்டது. ஒரு வீடு முடிக்க, அடுத்த வீடு தொடங்க, படம் எடுத்து முடியும்வரை அறுபடாமல் ஓடியது.

எக்ஸ்ரே அறையில் பலகை சில்லென்று இருந்தது. எடையைக் கழற்றிவிட்டு, நல்ல பக்கத்துக்கு அடியில் சாய்வு மெத்தை வைத்து என்னை அரைவாசி திருப்பினார்கள். உடைந்த பக்கத்தில் என் பாரம் இறங்கியது. கண்ணில் நட்சத்திரம் பறந்தது. “உசிரு ஹிட்கொள்ளி, மூச்சைப் புடிங்க, அல்லாட பேடி, ஆடாதீங்க” என்று டெக்னீஷியன் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறிக் குரல் கொடுத்தார். வலி உயிர் போகிறது. ஓடிவிட வேண்டும் போல் இருக்கிறது. ஆனாலும் உடம்பு அடங்கியது. நான் அடக்கவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும், என் உடம்பை எனக்குத் தெரியாதா? அடுத்து மறுபக்கம் சாய்த்தார்கள். அப்போதும் அசையவில்லை. படம் முதல் தடவையிலேயே தெளிவாக விழுந்தது.

ஸ்கேன் மெஷின் அப்போது எல்லா இடத்திலும் கிடையாது. ஆம்புலன்சில் வேறோர் இடத்துக்குக் கொண்டு போனார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் ஒரு தடவை ஆண்டவரைக் கூப்பிட்டேன், பெங்களூர் ரோட்டில் அது நல்ல நீண்ட ஜெபமாகவே அமைந்தது. ரொட்டியைத் துண்டு போடுவது போல அந்த மெஷின் இடுப்பைக் குறுக்கே துண்டு துண்டாகப் படம் பிடித்தது. பெரிய டாக்டர் எல்லாவற்றையும் வரிசையாக மாட்டினார். சாய்த்து எடுத்த படத்தில் பின்சுவர் பெயர்ந்து தள்ளி நின்றது பளிச்சென்று தெரிந்தது. ஸ்கேனில் இன்னொன்றும் தெரிந்தது. கிண்ணத்துக்கும் உருண்டைக்கும் நடுவில், பட்டாணி அளவில் ஓர் எலும்புத் துண்டு.

“இது உள்ளேயே இருந்திருந்தா ஒரு வருஷத்துல பாலைத் தேய்ச்சே தீர்த்திருக்கும்” என்றார். அப்புறம் சந்தோஷமாகச் சொன்னார்: “தூண் ரெண்டும் நல்லாயிருக்கு. பின்சுவர் மட்டும்தான். சிம்பிள் டைப்.”

“இதுவா சிம்பிள்?” என்று சுகந்தி கேட்டாள். அவர் சிரித்துவிட்டார்.

பின்பக்கமாகத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். கத்தி படக் கூடாது என்று கேட்டவள், “கத்தி பிடிக்கிற கையை ஆசீர்வதியும்” என்று வராந்தாவில் மண்டியிட்டுக் கேட்டாள். அந்த இடத்தில் காலுக்குப் போகிற பெரிய நரம்பு ஒன்று ஓடுகிறது. அது அடிபட்டால் பாதம் தொங்கிவிடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். மயக்கம் தெளிந்ததும் டாக்டர் என் பாதத்தருகில் நின்று, “பெருவிரலை மேல தூக்குங்க” என்றார். எந்த விரல், யாருடைய விரல் என்றே எனக்குப் புரியவில்லை. சுகந்தி என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்துத்தான் விரல் அசைந்தது என்று தெரிந்துகொண்டேன். அல்லேலூயா என்று கத்த நினைத்தேன். தொண்டை வறண்டு காற்றுதான் வந்தது.

பல வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவில்லை. கக்கத்தில் கட்டைகளோடு வீட்டுக்குள் தட்டித் தடவி நடந்தேன். மறுபடியும் நேராக ஒன்று, சாய்த்து இரண்டு என்று படங்கள் எடுத்தார்கள். கோடுகள் மூன்றிலும் ஒழுங்காக ஓடின. வருங்காலத்தில் தேய்மானம் வரலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். மழை நாளில் இன்றைக்கும் கடுக்கும். ஆனால் நடக்கிறேன். வண்டி ஓட்டுகிறேன். மெக்கானிக் கடைகளில் என்னை நொண்டி என்று யாரும் கூப்பிடுவதில்லை, வாயாடி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அந்த வருஷம் முழுக்க நற்கருணையை நான் உட்கார்ந்த இடத்திலேயே வாங்கினேன். போதகர் என் பெஞ்சுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். முழங்காலில் நிற்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு வந்த முதல் நற்கருணை ஞாயிறு, சுகந்தியும் நானும் வரிசையில் நடந்து பீடத்துக்குப் போனோம். மண்டியிட்டேன். அப்பமும் ரசமும் வாங்கினேன். எங்களோடு மண்டியிட்டவர்கள் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். நான் எழவில்லை.

சுகந்தி பயந்து, “ஏங்க, எழுந்திரிக்க முடியலையா?” என்று காதில் கேட்டாள்.

“முடியுது.”

“அப்ப எழுந்திரிங்க, பின்னால லைன் நிக்குது.”

எழ முடிந்தது. மனசு வரவில்லை. ஆராதனை எப்போது முடியும் என்று வாசலைப் பார்க்கிற நான், அங்கே இன்னும் கொஞ்ச நேரம் இருக்க மாட்டோமா என்று நினைத்தேன். என்னை இவ்வளவு தேடி வந்தவரை விட்டு எங்கே அவசரமாக ஓடுவது? போதகரும் அவசரப்படுத்தவில்லை, எங்களைச் சுற்றிக்கொண்டு அடுத்த வரிசைக்குக் கொடுத்தார்.

அன்பான சபையாரே, உங்களில் யாராவது சாட்சி சொல்லிவிட்டோமே என்பதற்காக வலியை மறைத்துக்கொண்டிருக்கலாம். உடம்பில் இருக்கலாம், வீட்டுக்குள் இருக்கலாம். மறைக்காதீர்கள். எடுக்க வேண்டிய படத்தை எடுங்கள். டாக்டரைப் பார்ப்பது அவநம்பிக்கை இல்லை. உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிட்டால் ஆண்டவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது, அவருக்கு முன்பே தெரியும். நன்றி சொன்ன அதே வாயால் மறுபடியும் கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கேட்டுப் பார்த்தவன் சொல்கிறேன்.